போசனப்பிரியமா, லோபித்தனமா?

உடல் எடையைக் குறைக்க ஊசி போட்டுக்கொள்வோரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று நம்மவர் சிலர் ஏளனம் செய்கின்றனர். தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியத்தை எடுத்து அவர்கள் நெற்றியில் ஒட்டிவிடுகின்றனர். இத்தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. தச்சநல்லூர்த் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் பீடி சுற்றும் தாய்மாரிடம் எந்த விருந்தைக் கண்டோம்? உட்கார்ந்த தொழிலும் வெறும் அரிசிச் சோறும் பரம்பரையும் சேர்ந்தே உடலைப் பெருக்குகின்றன; சர்க்கரை நோயும் பின்னாலேயே வருகிறது.

மவுன்ஜாரோ என்னும் ஊசிமருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒன்று போடவேண்டும். தொடக்க அளவான 2.5 மில்லிகிராம் குப்பியின் அறிமுக விலை 3,500 ரூபாய். நான்கு வாரத்திற்கு 14,000. மாதம் முழுதும் பீடி சுற்றினாலும் கைக்கு வராத தொகை! நிறுத்தினாலோ, குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, இது ஆண்டுக்கணக்கான செலவு. (திருமணப் புகைப்படத்துக்காக, மருத்துவர் சீட்டுமின்றி இதைத் தேடுவோருக்கு நாம் பரிந்து பேசவில்லை.)

இன்சுலினைத் தந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்று டொரன்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்த மனம் இன்று எங்கே போயிற்று? லோபித்தனமும் அதே ஏழனுள் ஒன்றுதானே. அதை ஒட்ட மட்டும் நமக்கு நெற்றி அகப்படுவதில்லை!

சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ, உடற்பருமனும் உடையவர்களுக்கென இவ்வகை மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மருந்துச் சாளரம் வரை நீளவேண்டும் என்று பங்குப் பேரவைகள் மனு எழுதட்டும். முதல் கையெழுத்தை நாமே இடுகிறோம்.