கிரைச் ட்ராம் நூதனசாலையும் ‘இயல்பான மரணம்’ என்னும் கதையும்

ஒரு பொருள் நூதனசாலைக்குள் வைக்கப்பட்டவுடன், காலம் அதனைக் கழித்துவிட்டது என்னும் தீர்ப்பும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் டார்பிஷயரில், கிரைச் என்னும் சிற்றூரிலுள்ள தேசிய ட்ராம் நூதனசாலையைப் பற்றிப் பேசுவோர் பலரும் இத்தீர்ப்பை ஐயமின்றி ஏற்றே பேசுகின்றனர். குதிரை ட்ராமை மின்சார ட்ராம் வென்றது. மின்சார ட்ராமைப் பஸ் வென்றது. வென்றது வீதியில் வாழ்கிறது, தோற்றது கிரைச்சில் ஓய்வு கொள்கிறது என்பது அவர்தம் கதை. உயிரியலின் இயற்கைத் தேர்வைப் போக்குவரத்துக்குப் பொருத்தும் இக்கதை கேட்பதற்கு எளிது. அது பொய் என்பதற்கு அந்நூதனசாலையே சாட்சியாக நிற்கிறது.

1948 ஆம் ஆண்டில், சவுதாம்ரன் நகரம் கழித்த 45 ஆம் இலக்க ட்ராம் வண்டியை ஆர்வலர் சிலர் பத்துப் பவுணுக்கு வாங்கினர். 1955 இல் அவர்களது முயற்சி ஒரு சங்கமாயிற்று. 1959 இல், ஒருகாலத்தில் ஜோர்ஜ் ஸ்ரீவன்சன் சுண்ணக்கல் அகழ்ந்த குழி அவர்களுக்குக் கிடைத்தது. தண்டவாளம் இட்டவர்களும் கம்பி இழுத்தவர்களும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே. 1963 இல் குதிரை ட்ராமும் 1964 இல் மின்சார ட்ராமும் ஓடத் தொடங்கின. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்குள்ளன. வருவோரிடம் பழைய பென்னி நாணயம் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதனை நடத்துநரிடம் கொடுத்துச் சீட்டுப் பெற்று ஏறிக்கொண்டால் வண்டி ஏறக்குறைய ஒரு மைல் தூரம் செல்கிறது. இதனைப் ‘பெரியவர்களின் விளையாட்டு’ என எள்ளுவோர், நகரசபைகள் பழைய இரும்பு விலைக்கு விற்றவற்றை எவர் காப்பாற்றியிருப்பர் என்பதையும் சொல்லவேண்டும். இலண்டனின் ட்ராம்கள் 1952 யூலையில் நிறுத்தப்பட்டபோது சார்ள்ரனில் அவை வரிசை வரிசையாக எரிக்கப்பட்டன.

ஆயின் அங்குள்ள வண்டிகள் யாவும் முதுமையால் ஓய்ந்தவை அல்ல. ஷெபீல்ட் நகரின் 510 ஆம் இலக்க வண்டியை நோக்குக. அது 1950 இல் கட்டப்பட்டது. அவ்வகையிற் கட்டப்பட்ட 35 வண்டிகள் 1952 வரை வந்துசேர்ந்தன. வண்டிகள் வந்துகொண்டிருந்த 1951 இலேயே ட்ராமை ஒழிப்பதென நகரசபை முடிவுசெய்தது. 1960 ஒக்ரோபரில் இறுதி ட்ராம் ஓடியது. பத்தே ஆண்டு வயதுடைய வண்டி எந்த இயற்கை விதியின்படி இறந்தது? அதைவிட வேடிக்கை, அதே நகரம் 1994 இல் மீண்டும் வீதியைத் தோண்டித் தண்டவாளம் இட்டமையே. மன்செஸ்ரர் அதற்கு ஈராண்டு முன்னரே அவ்வாறு செய்திருந்தது. கடலோர நகரான பிளக்பூலோ 1885 இல் தொடங்கிய மின்சார ட்ராமை என்றுமே முற்றாகக் கைவிடவில்லை.

ட்ராமை வீழ்த்தியது பொறியியல் அன்று, கணக்குப் புத்தகமே எனலாம். 1870 ஆம் ஆண்டின் ட்ராம் பாதைச் சட்டம், தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட வீதியையும் அவற்றின் இருபுறமும் 18 அங்குலம் வரையும் செப்பனிடும் பொறுப்பை ட்ராம் நடத்துவோர் மீதே சுமத்தியது. குதிரைகளின் குளம்பு வீதியைத் தேய்த்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மின்சார ட்ராமுக்குக் குளம்பு இல்லை; சுமை மட்டும் நீங்கவில்லை. அவ்வாறு செப்பனிடப்பட்ட வீதியின்மீது பஸ்களும் மோட்டார்க் கார்களும் தடையின்றி ஓடின. தண்டவாளமும் மின்கம்பியும் பழுதடையும் வேளையிற் புதிதாக முதலிடுவதைவிட, பிறர் செலவில் அமைந்த வீதியில் பஸ்ஸை விடுவது மலிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. போக்குவரத்துக்கான அரச ஆணைக்குழுவும் 1931 இல் புதிய ட்ராம் பாதைகள் வேண்டாம் என்றும், உள்ளவற்றைப் படிப்படியாக அகற்றுக என்றும் பரிந்துரைத்தது. மக்கள் வெறுத்தமையால் ட்ராம் போயிற்று என்போர், 1962 இல் கிளாஸ்கோவின் இறுதி ட்ராம் ஊர்வலத்தைக் காண ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் திரண்டமைக்கு என்ன விளக்கம் தருவர்?

நூதனசாலையின் நண்பர்களும் குற்றத்திலிருந்து முற்றாக விடுபடுவதற்கில்லை. கிரைச் வீதியில், 1963 இல் தீக்கிரையான டார்பி நகர மன்ற மண்டபத்தின் முகப்பு மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளது. முகப்பு மட்டுமே. ‘அந்தக் காலம்’ என்னும் ஏக்கமும் இவ்வாறே முகப்பை வைத்துக்கொண்டு உள்ளிருந்ததை மறந்துவிடுகிறது. மினுக்கிய பித்தளைக் கைபிடியும் சீருடையும் கண்ணுக்கு இனியவை. 1918 ஓகஸ்ட் மாதத்தில் இலண்டனின் பஸ், ட்ராம் பெண் தொழிலாளர் ஆண்களுக்கு வழங்கப்பட்ட யுத்தகால ஊதிய உயர்வு தமக்கும் வேண்டுமென வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை அப் பென்னி நாணயம் சொல்லாது. ட்ராமை ஓர் இனிய நினைவாக மட்டும் போற்றுவோர், அது இயல்பாகவே இறந்தது என்போருக்குத் தம்மை அறியாமலே துணைபோகின்றனர். இரு சாராருக்கும் அது முடிந்துபோன விடயம்.

லீட்ஸ் நகரின் 602 ஆம் இலக்க வண்டியும் கிரைச்சிலேயே உள்ளது. 1953 இல், வருங்காலத்து ட்ராம் இதுவே என்னும் நம்பிக்கையுடன் ஓடவிடப்பட்ட வண்டி அது. நான்கே ஆண்டுகளில் அது சேவையிலிருந்து நீக்கப்பட்டது. 1959 இல் நகரின் ட்ராம் சேவையே முடிந்தது. பின்னர் லீட்ஸ் புதிய ட்ராம் திட்டமொன்றை வகுத்தது. செலவு மிகுதி எனக் கூறி 2005 இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. தம் நகரின் பழைய ட்ராமில் ஏறிச் செல்ல விரும்பும் லீட்ஸ்வாசி, டார்பிஷயரின் சுண்ணக்கற் குழிக்கு வந்து, கையிற் பழைய பென்னியுடன் வரிசையில் நிற்கிறார்.