நீலம் சொல்லும் மணிச்சத்து

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருப்பவரின் மண்வள அட்டையில் மணிச்சத்துக்கென்று ஓர் எண் இருக்கும். சூப்பர் பாஸ்பேட் எவ்வளவு போடுவது என்பது அதை வைத்தே முடிவாகிறது. ஆனால் ஆய்வகக் கருவி மணிச்சத்தை எடை போடுவதில்லை. வழியில் காணாமல் போன வெளிச்சத்தைத்தான் கணக்கெடுக்கிறது.

களர்த்தன்மையோ நடுநிலையோ உள்ள மண்ணுக்கு ஓல்சன் 1954-இல் வெளியிட்ட முறை வழக்கில் இருக்கிறது. சில கிராம் மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுவார்கள். வடிநீரில் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் பிறக்கும். மணிச்சத்து கூடினால் நீலமும் அடர்த்தியாகும். நீலக் கரைசல் சிவப்பு ஒளியை விழுங்கும் என்பதால், 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியை அதற்குள் பாய்ச்சி, மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சத்து இரட்டித்தால் வந்து சேரும் ஒளி பாதியாகும் என்பது தவறு. ஒரு திராட்சைப் பந்தல் வெயிலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கீழே விடுகிறது என்று வையுங்கள். அதன் கீழே அதேபோல் இன்னொரு பந்தல் இருந்தால் தரைக்கு வருவது நூறில் ஒரு பங்குதான். கருவி காட்டும் உட்கவர்திறன் முதல் நிலைக்கு 1, இரண்டாவதற்கு 2. அதாவது அது பந்தலை எண்ணுகிறது, வெயிலை அல்ல. லாம்பர்ட் 1760-இலும் பீர் 1852-இலும் வகுத்த விதியின் சாரம் இதுவே.

தனியாக நின்றால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. மண் சேராத வெற்றுக் கரைசலை வைத்துக் கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மணிச்சத்து எவ்வளவு என்று தெரிந்த கரைசல்களை அளந்து கோடு வரைந்து, அதில் நம் மண்ணின் இடத்தைத் தேட வேண்டும். வடிநீர் கலங்கியிருந்தாலும் குப்பியில் விரல் ரேகை பதிந்திருந்தாலும் ஒளி சிதறும். கருவி அதையும் சத்தாகவே கணக்கில் சேர்த்துவிடும்.

தமிழ்நாட்டில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22-க்கு மேல் இருந்தால் அதிகம் என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த வகைகளில் எதில் உங்கள் தோட்டம் நிற்கிறது என்பதைச் சொல்வது ஒரு சிட்டிகை மண். எருக்குழி ஓரத்திலும் வரப்படியிலும் எடுத்த மண்ணை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், கிடைப்பது எருக்குழியின் கணக்குத்தான். தோட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ கொடுங்கள். அளவீடு மண்வெட்டியில்தான் தொடங்குகிறது.