ஓலை எடுத்த சிறுவன்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நம் மேடைகள் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றன. குடவோலை முறையை விரித்துரைக்கும் அக்கல்வெட்டிலே, நாம் அதிகம் பேசாத ஒருவன் நிற்கிறான். அவன் ஒரு சிறுவன். பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலைத்தபின், உள்ளிருப்பது இன்னதென அறியாத ஒரு பாலனைக் கொண்டே எடுப்பிக்க வேண்டும் என்பது விதி. ஏன் சிறுவன்? அவனுக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. அவன் கை கறைபடாத கை என்ற நம்பிக்கை!

பெருமை பேசும் நாம் மறுபக்கத்தை மறைத்தல் ஆகாது. சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோரின் பெயரே அக்குடத்துள் சென்றது. நிலமற்ற உழவனின் பெயர் ஓலை ஏறவில்லை. 1920-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோதும், சொத்தும் வரியுமே வாக்குரிமையை அளந்தன. பெண்களுக்கிருந்த தடை இங்கே 1921-இல்தான் நீங்கிற்று. கூலிக்காரனும் கோடீசுவரனும் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கொரு வாக்கு அளித்தது 1951-52 பொதுத் தேர்தலிலேதான்!

அன்று நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தவர். எனவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் ஒரு சின்னம். படிப்பறியா மக்கள் சின்னம் பார்த்துச் சீட்டை இட்டு, மக்களாட்சியை நிலைநாட்டினர். அதே தேர்தலில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி, இன்னார் மகள்’ என்றே கூறியதால் பட்டியலில் இடம் இழந்தனர். பெயர் இல்லையேல் வாக்கில்லை என்பது அன்று கற்ற பாடம்.

இவ்வளவு நெடிய போராட்டத்தின் விளைவை நம் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள்? பாடநூலில் இரண்டு பக்கம்; தேர்வுக்கு ஐந்து மதிப்பெண். உண்மையான பாடமோ வேறிடத்தில் நடக்கிறது. வாக்குப்பதிவுக்கு முந்திய இரவு கதவு தட்டப்படுகிறது. “வீட்டில் எத்தனை ஓட்டு?” என்ற குரல். தந்தை எண்ணிச் சொல்கிறார், உறை கைமாறுகிறது. பாயிலே படுத்திருக்கும் பிள்ளை கண் மூடியிருக்கிறது, காது மூடியிருக்கவில்லை!

இது கற்பனையா? பணம் பாய்ந்ததால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் இராதாகிருட்டிணன் நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டதை நாடறியும்.

பிறரைக் குறை கூறி நாம் தப்ப இயலாது. பரப்புரை ஊர்வலத்தில் பத்து வயதுச் சிறுவன் கையில் கொடியைத் திணித்தவர் நம்முள் இல்லையா? குழந்தைகளைத் தேர்தல் பணியில் ஈடுபடுத்தலாகாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் கண்டிப்பாக ஆணையிட்டது. ஆணையம் சொல்லித்தானா நாம் அறிய வேண்டும்?

யாருக்கு வாக்களிப்பது என்று பெரியவர்களிடம் எடுத்துரைப்பது கட்சிப் பணி. ஏன் வாக்களிக்கிறோம், எப்படி வாக்களிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நாட்டுப் பணி. இரண்டையும் கலக்காதீர்!

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். பெற்றோராகச் செல்லுங்கள், கொடியின்றிச் செல்லுங்கள். 2018-இல் தேர்தல் ஆணையம் பள்ளிகளுக்கென வகுத்த வாக்காளர் கல்வி மன்றம் அங்கே இயங்குகிறதா என்று கேளுங்கள். மாணவர் தலைவரை ஆசிரியர் நியமிக்கிறாரா, மாணவர் தேர்ந்தெடுக்கிறார்களா என்று கேளுங்கள். மறைவான பெட்டி வைக்கட்டும். எல்லோர் முன்னும் எண்ணட்டும். தோற்றவன் வென்றவனை வாழ்த்தட்டும். மூன்று திங்கள் கழித்து, “சொன்னதைச் செய்தாயா?” என்று வகுப்பே கேட்கட்டும். கணக்குக் காட்டாதவனையும் அவன் சுற்றத்தையும் விலக்கிய உத்திரமேரூர் விதியை அன்று சொல்லிக் கொடுங்கள், ஒருநாளும் மறவார்கள்.

வீட்டிலே வாக்காளர் பட்டியலை விரித்து, தாயின் பெயரைப் பிள்ளையே தேடிக் காணட்டும். வாக்கு ஏன் மறைவானது என்று சொல்லுங்கள். நிலக்கிழாரும் கடன் கொடுத்தவனும் சாதித் தலைவனும் எட்டிப் பார்க்க முடியாத ஓரிடம் ஏழைக்கு உண்டென்றால், அது அந்தத் தட்டிக்குள்தான். அதை விற்றவன் தன் வீட்டுக் கதவையே விற்றவன்.

இவ்வாறு கற்ற பிள்ளை, பதினெட்டு வயதில் நம்மையே கேள்வி கேட்கும். நமக்கு வாக்களிக்க மறுக்கவும் கூடும். மறுக்கட்டும்! கேள்விக்கு அஞ்சும் இயக்கம், வெல்லும் தகுதியை இழந்த இயக்கம்.

அறியாச் சிறுவனின் கையை நம்பிற்று அந்தக் காலம். அறிந்து அளிக்கும் கைகளை உருவாக்குவது நம் காலத்தின் கடமை. இன்றிரவே தொடங்குவோம், நம் வீட்டு வாசலிலிருந்து!