வலி குறைந்தால் நோய் குறைந்ததா?

"முதுகுவலிதானே? வாய்வுப் பிடிப்பு. தைலம் தேய்த்து நாலு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்." இந்த வைத்தியம் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. பெரும்பாலோருக்கு இது பலிக்கவும் செய்கிறது. சாதாரண முதுகுவலி சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பலித்துப் பலித்தே ஒரு விபரீத நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது: வலி குறைந்துவிட்டால் நோயும் குறைந்துவிட்டது. முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்கும்போது இந்தக் கணக்கு தப்பு. ஆளையே முடக்கிப்போடும் தப்பு.

பெரியவர்களின் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தான் கொத்தாக இறங்குகின்றன. குதிரைவால் நரம்புகள் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பெரிதாகப் பிதுங்கி இந்தக் கொத்தையே அழுத்தினால், முதலில் கால் சுள்ளென்று இழுக்கும். அழுத்தம் முற்றி நரம்பு செய்தி கடத்துவதையே நிறுத்தினால், வலியும் குறைந்துபோகலாம். மரத்துப்போன காலைக் குணமான கால் என்று வீடே கொண்டாடும்.

மருத்துவரின் அறையில் நடப்பதைப் பாருங்கள். "வலி எப்படி இருக்கு?" "பரவாயில்லை சார், முன்னைக்கு இப்ப தேவலை." மாத்திரை தொடர்கிறது, இடுப்பு பெல்ட்டும் தொடர்கிறது. "ஒண்ணுக்குப் போக முக்க வேண்டியிருக்கா? கழுவும்போது தொட்ட உணர்ச்சி தெரியுதா?" என்று இவரும் கேட்கவில்லை; கூச்சத்தில் அவரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இரண்டும்தான் நோயின் முகவரி. சிறுநீர்ப்பையையும் மலவாயையும் ஆளும் நரம்புகள் அந்தக் கொத்தில்தான் இருக்கின்றன. அவை செயலிழக்கத் தொடங்கியவர் மருத்துவமனைக்குத் தானே நடந்து வரக்கூடும். நடக்கிறாரே என்று எல்லோரும் ஏமாந்துபோகிறோம். நிரம்பிய பை தாளாமல் சிறுநீர் சொட்டத் தொடங்கினால் வயது, சர்க்கரை, பிராஸ்டேட், பிரசவம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கினால் வலி பெரிதாக இல்லாமலே போகலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், கையெழுத்து மாறும், செருப்பு காலைவிட்டு நழுவுவதே தெரியாது, இருட்டில் நடை தள்ளாடும். இதையும் 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று மேலைநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. இழந்த காலம் இழந்ததுதான். அறுவை சிகிச்சை பெரும்பாலும் மேலும் கெடாமல் தடுக்கும். போனதெல்லாம் திரும்பும் என்ற உறுதி இல்லை.

"அப்படியானால் முதுகுவலி என்றாலே ஸ்கேனா?" என்று கேட்பார்கள். இல்லை. முதுகுவலிக்காரர்களில் மிகச் சிலருக்கே இந்த ஆபத்து. அந்தச் சிலரைப் பிரித்தெடுக்க வேண்டியவை காசு செலவில்லாத கேள்விகள். சந்தேகம் வந்துவிட்டால் எக்ஸ்ரே போதாது. அதில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. எம்.ஆர்.ஐ. வேண்டும், அதுவும் உடனே. குதிரைவால் நரம்பு நசுங்கியதாகச் சந்தேகித்தால் கேட்ட நான்கு மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறது, பிரிட்டனில் 2023-இல் வந்த தேசிய வழிகாட்டுதல். நாமோ அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்கிறோம். "முதுகில் கத்தி பட்டால் நடக்க முடியாது" என்ற பயம் வேறு. சிறுநீர் முழுதாக அடைபடுவதற்கு முன்னே அழுத்தத்தை நீக்கியவர்களே நன்றாகத் தேறுகிறார்கள். நடையைப் பறிப்பது பல நேரங்களில் தாமதம்தான். பழியைச் சுமப்பது கத்தி.

எனவே, முதுகுவலி வந்தவருக்கு இரண்டு காலும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் உணர்ச்சி மங்கினாலோ, சிறுநீர், மலப் போக்கு மாறினாலோ, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். அன்றைக்கே, நள்ளிரவானாலும், எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், கூச்சத்தை விட்டு, சிறுநீர் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள்.