ஏட்டில் இல்லாத நோய்

மாரி பிறந்து, கிணறுகளில் வெள்ளம் கலக்கும் காலம் வந்துவிட்டால், வன்னியிலே வயிற்றோட்டம் தலைகாட்டுவது புதுமையன்று. புதுக்குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு இரத்தமும் சீதமுமாகக் கழிகிறதென்று வைத்துக்கொள்வோம். தாய் முதலில் கைவைத்தியம் பார்க்கிறாள். பின்னர் மருந்துக்கடையில் கேட்டு இரண்டு குளிசை கொடுக்கிறாள். அதுவும் பலிக்காதபோதே வைத்தியசாலைக்கு ஓடுகிறாள். அதற்குள் குளிசை கிருமியை அடக்கியிருக்கும். ஆனால், அது கக்கிய நஞ்சோ குழந்தையின் உடலில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வந்த கிருமி எதுவென்று இனி எவராலும் எளிதிற் கூறவியலாது. ஏட்டில் "வயிற்றோட்டம்" என்ற ஒரு சொல் விழும். அல்லது அதுவும் விழாது.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வைத்தியரும் வைத்தியஞ் செய்வதாகக் கூறிக்கொள்ளும் எவரும், குறித்த நோய்களைக் கண்டால் அறிவித்தே ஆகவேண்டும். வாந்திபேதி, வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், உணவு நஞ்சாதல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுதேடி வருகிறார். கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவு வாராவாரம் மாவட்டக் கணக்கை வெளியிடுகிறது. இவ்வேற்பாட்டை நாம் குறைத்து மதிப்பவர்களல்லர். 2003க்குப் பின் நெடுங்காலம் வாந்திபேதி இந்நாட்டில் பதிவாகாமலிருந்தமை சிறு சாதனையன்று.

ஆயினும், அறிவித்தல் வேறு, நிரூபித்தல் வேறு. அச்சட்டம் பிறந்த அதே 1897இல்தான் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா, கொடிய வயிற்றுளைவின் கிருமியைக் கண்டுபிடித்தார். அக்கிருமியின் நஞ்சு குடலைப் புண்படுத்துவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. அதே இன நஞ்சை, குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியின் சில வகைகளும் உண்டாக்குகின்றன. வாந்திபேதியின் நஞ்சோ உடலின் நீரை வற்றச் செய்கிறது. அதற்கு ஜீவனிக் கரைசல் உயிர் கொடுக்கும். ஒரு கிருமிக்கு உதவும் நுண்ணுயிர்க்கொல்லி, நஞ்சு கக்கும் ஈ. கோலைக்குக் கொடுக்கப்பட்டால் தீமையை வளர்க்கலாமென வைத்தியர் அஞ்சுகின்றனர். கண்ணால் மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய எவ்வாறு இயலும்? ஆய்வுகூடச் சான்றில்லாத அறிவித்தல், சாட்சியமில்லாத வழக்கையே ஒக்கும்.

சாட்சியம் தேடியவர்கள் கண்ட பயனைப் பாருங்கள். 1992இன் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி கண்டவர்களிடமிருந்து எடுத்த கிருமி, வழக்கமான சோதனை மருந்துக்கு இணங்கவில்லை. ஆய்வாளர் அதை அசட்டை செய்யாது ஆராய்ந்தனர். ஓ139 என்ற புதுவகை வெளிப்பட்டது. சில மாதங்களில் அது வங்காளம்வரை பரவிற்று. 2011இல் ஜேர்மனியில் நஞ்சு கக்கும் ஈ. கோலை ஐம்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. நோயாளர் உண்டவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து, முளைகட்டிய வித்துக்களே காரணமென ஒரு திங்களளவில் அறிந்தனர். பின்னர், அது வெந்தய வித்தென்பது வரை தடம் சென்றது.

2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காகி, நோயாளர் அங்கிருந்து வெளியேற நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதன்பின் செட்டிகுளம் முகாம்களில் நெருக்கப்பட்ட மக்களை வயிற்றோட்டமும் மஞ்சட்காமாலையும் வாட்டியதையும் மறக்கவில்லை. எண்ணப்படாமை எத்தகைய அநீதியென்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. முல்லைத்தீவுக்கு நேரே பூச்சியம் என்று எழுதப்பட்டால், அது நோயின்மையா, தேடாமையா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

நாம் கேட்பது மாளிகையன்று. இரத்தம் கலந்து கழியும் ஒவ்வொருவரிடமிருந்தும், மருந்து தொடங்குமுன் மலமாதிரி எடுக்கப்படல்வேண்டும். அது கெடாத ஊடகத்தில், கிருமியை வளர்த்து நஞ்சைச் சோதிக்கவல்ல ஆய்வுகூடத்துக்குத் தாமதமின்றிச் செல்லல்வேண்டும். முடிவு வைத்தியருக்கும் பரிசோதகருக்கும் திரும்பி வந்து, கிணற்றுக்குக் குளோரினாக மாறவேண்டும். நோயாளியின் பெயர் மறைவாக இருத்தல்வேண்டும். ஊரின் கணக்கோ தமிழில் ஊரவர் கண்முன் ஒட்டப்படல்வேண்டும்.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்கும் பகிர்ந்தளித்தது. வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிருமிகளின் ஆயுட்காலம் அன்று முடிந்துவிடவில்லை. மத்தியா, மாகாணமா என்று ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவதைத் தாயின் கையிலிருக்கும் குழந்தை பொறுத்திருக்காது.

மக்களுக்கும் கடமையுண்டு. கடைக் குளிசையை நம்பாது, இரத்தம் கண்ட அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; மாதிரி கொடுக்க நாணாதீர்கள். ஒரு பிள்ளையின் நோய் ஏட்டில் ஏறினால், அயல்வீட்டுப் பிள்ளை காக்கப்படும்.