வாசனைத் தேயிலையும் பெருங்காய டப்பாவும்

லண்டனிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளையோ நாத்தனாரோ பெட்டியைத் திறந்ததும், சாக்லேட்டோடு ஓர் அழகான தகர டப்பாவையும் எடுத்து நீட்டுகிறார்கள். மேலே 'ஏர்ல் கிரே' என்று போட்டிருக்கிறது. நீங்களும் ஆசையாய் இரண்டு கரண்டி எடுத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தளதளவென்று கொதிக்க விடுகிறீர்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன இது, சோப்புத் தண்ணீர் மாதிரி!" என்கிறார். டப்பா அன்றோடு பரண் ஏறிவிடுகிறது.

டப்பாவின் மேல் குற்றம் இல்லை, சகோதரிகளே. நாம் தினம் உபயோகிக்கிற டீத்தூள் குருணை குருணையாக இருக்கிறதல்லவா? இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்த 'சி.டி.சி.' தூள் அது. பாலோடு எத்தனை கொதித்தாலும் தாங்கும். 'ஆர்த்தடாக்ஸ்' என்கிற சுருள் இலையின் சுபாவம் வேறு. அதைக் கொதிக்க விட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய் அடுக்களையில் நிற்கும். துவர்ப்பு மட்டும் டம்ளரில் நிற்கும். ஏர்ல் கிரேயில் ஏற்றியிருப்பதோ பெர்கமாட் என்கிற, நம் எலுமிச்சை, நாரத்தைக்கு உறவான ஒரு பழத்தின் தோல் எண்ணெய். இத்தாலியின் தெற்குப் பகுதியான கலாப்ரியாவில் அது விளைகிறது. அதைப் பாலில் கொதிக்க வைத்தால் சோப்பு ஞாபகம் வராமல் வேறென்ன வரும்?

வாசனை டீயைப் பால் விடாமல்தான் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், வாசனை ஏற்றாத வெறும் இலையை ருசி பார்க்கப் பழக வேண்டும். ஏன் என்கிறீர்களா? வாசனை, நல்ல இலைக்கு நகை. மட்டமான இலைக்கு முகமூடி. எதுவானாலும் காசு கொடுப்பது நாம்தானே?

தேயிலை ருசி பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை போட்டு, 6 நிமிஷம் ஊற வைக்கிறார்கள். அது குறையைக் காட்டிக்கொடுப்பதற்கான கணக்கு. குடிப்பதற்கு அத்தனை காட்டம் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தேக்கரண்டி சுருள் இலையைப் போடுங்கள். இலை லேசானதால் கரண்டி கொஞ்சம் கோபுரமாகவே இருக்கட்டும். மூடி வைத்து, 3 அல்லது 4 நிமிஷத்தில் வடிகட்டி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். பிறகு சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும்! மாமியார் முறைத்தால் முறைக்கட்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். நல்ல இலையில் துவர்ப்பு இருக்கும். நெல்லிக்காய் கடித்தாற்போல் நாக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். கசப்பு நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டால், ஒன்று நீங்கள் அதிக நேரம் ஊறவிட்டிருக்க வேண்டும், இல்லை இலை மட்டம். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறித்த இலை கிடைத்தால் விடாதீர்கள். அதன் மணமே தனி.

சாயம் ஏற்றிய தூளோ என்று சந்தேகமா? வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைக் குழாயடியில் கழுவிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயத்தூள் கறையை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

சரி, வாசனைக்கு வருவோம். தேயிலையைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் டீயா ரசமா என்று விழித்தவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பதன் வாசனையைச் சட்டென்று வாங்கிக்கொள்வது உலர்ந்த இலையின் குணம். அந்தக் குணத்தையே நமக்கு உபகாரமாக்கிக்கொள்ளலாமே! 50 கிராம் இலையோடு நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஒரு வாரம் இறுக மூடி வையுங்கள். ஆரஞ்சுத் தோலும் போடலாம். ஆனால் அப்பளம்போல் ஒடிகிற அளவு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கிராம்பு ஒன்றே ஒன்று போதும். அது உள்ளே வந்தால் மற்றவர்களைப் பேசவே விடாது! இஞ்சி இந்த வழிக்கு வராது. அதைத் தண்ணீரிலேயே கொதிக்க விட்டு, அப்புறம் இலையைப் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மல்லிகை. சீனாவில் தேயிலைக்கு மணமூட்டுகிற மல்லிகையும் நம் மதுரை மல்லியும் ஒரே இனம். மொட்டு அவிழ்வது இரவில்; மணம் பெருகுவதும் அப்போதுதான். ஆகவே சாயங்காலம் மொட்டுக்களை இலையோடு கலந்து எவர்சில்வர் டப்பாவில் மூடி வையுங்கள். விடிந்ததும் பூவை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிட்டு, இலையை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் மொறமொறப்பாக்கிக்கொள்ளுங்கள். மணம் போதவில்லையானால் மறுநாளும் அப்படியே. கடைப் பூவில் பூச்சி மருந்து இருக்கும். வீட்டுக் கொடியில் பூத்ததுதான் இதற்கு உதவும்.

ஒரு விஷயம். எந்த டீயானாலும் சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுத்துவிடுகிறது. ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிற்பகல் நாலு மணி இதற்குச் சௌகரியமான வேளை. பால் பாக்கெட் தீர்ந்துபோயிற்றே என்று அப்போது கவலைப்பட வேண்டியதும் இல்லை.