ஒலிப்பெட்டி: கணினிப் பாட்டுக்குக் கதகதப்பு தரும் ‘அழகான குறை’!

“கேசட்ல கேட்ட சுகம் இதுல இல்லப்பா” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், மொபைலில் பாட்டு கேட்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்புதான் வரும். கேசட்டில் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் இருக்கும், டேப் சிக்கிக்கொள்ளும், பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். ஆனால், இன்றைக்கு வீட்டு அறையில் லேப்டாப்பை வைத்துப் பாட்டு பதிவு செய்யும் இளைஞர்கள் பலர் தேடித் தேடி வாங்குவது, டேப்பின் குணத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் மென்பொருள்களைத்தான். இசைப்பதிவுத் துறையில் இதற்கு ‘சாச்சுரேஷன்’ என்று பெயர். அது தரும் உணர்வை ‘வார்ம்த்’, அதாவது கதகதப்பு என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டுக் குறைத்த ஒரு குறையைத்தான் இப்போது காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள். ஏன் சேர்க்கிறார்கள், எவ்வளவு சேர்க்கலாம், எங்கே ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது?

சிகரெட் காகிதத்தில் தொடங்கிய கதை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர், சிகரெட் நுனியில் தங்க நிறப் பட்டை பதிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். அதே யோசனையை நீட்டி, காகித நாடாவில் இரும்புத் தூளை ஒட்டினார். 1928-ல் அது ஒலி பதிவு செய்யும் நாடாவானது. 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி நிறுவனம் ‘மேக்னட்டோஃபோன்’ என்ற டேப் ரெக்கார்டரைக் காட்சிக்கு வைத்தது.

ஆனால், சத்தம் கரகரப்பாகத்தான் இருந்தது. 1940-ல் வால்டர் வெபர் என்ற பொறியாளர், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை இசையோடு சேர்த்துச் செலுத்தினால் பதிவு சுத்தமாகிறது என்று கண்டார். ‘பயாஸ்’ எனப்படும் இந்த உத்திதான் டேப்பை இசைக்கு ஏற்றதாக மாற்றியது. போர் முடிந்ததும், அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஜாக் மல்லின் இரண்டு மேக்னட்டோஃபோன்களைப் பாகம் பாகமாகப் பிரித்து ஊருக்கு அனுப்பினார். பாடகர் பிங் கிராஸ்பி தன் வானொலி நிகழ்ச்சிக்கு அவற்றைப் பயன்படுத்தினார். 1948-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் தன் முதல் டேப் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு, பல பத்தாண்டுகள் உலகத்தின் பாட்டெல்லாம் டேப்பில்தான் பதிவானது.

டேப்புக்கு வயிறு நிறைந்தால்...

டேப்பின் மேலிருக்கும் இரும்பு ஆக்ஸைடு துகள்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். சத்தம் கூடக் கூட, அதிகத் துகள்கள் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஒரு கட்டத்தில் திரும்புவதற்குத் துகளே மிச்சமிருக்காது. அதற்குமேல் எவ்வளவு சத்தம் கொடுத்தாலும் டேப் வாங்கிக்கொள்ளாது. வயிறு நிறைந்த இந்த நிலைதான் சாச்சுரேஷன்.

அந்த நிலை சட்டென்று வருவதில்லை; மெல்ல மெல்ல வருகிறது. அதனால், டிரம்ஸ் அடியின் கூர்மையான முனை வெட்டுப்படாமல் லேசாக மழுங்குகிறது. பாடகர் திடீரென்று உரக்கப் பாடினாலும் டேப் அதைக் கொஞ்சம் அணைத்துப் பிடிக்கிறது.

டிஜிட்டல் பதிவுக்கு இந்தத் தயவு கிடையாது. 16 பிட் சி.டி-யில் சத்தத்தின் அளவைக் குறிக்க 65,536 படிகள் உண்டு. கடைசிப் படியைத் தாண்டினால், அலையின் தலை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும். காதில் அது ‘கிர்ர்’ என்று அறைகிறது. எல்லைக்குள் இருக்கும்வரை டிஜிட்டல் அப்பழுக்கில்லாதது. கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும், தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. 1982-ல் சி.டி வந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னார்கள். டேப்பின் மழுங்கலுக்குப் பழகிய காதுகளில் சிலருக்கு அதுவே வறட்சியாகப் பட்டது.

ஸட்ஜமும் பஞ்சமமும்

முனை மழுங்கியதும் ஏன் கதகதப்பாகத் தெரிகிறது? ஓர் அலையின் வடிவம் மாறினால் அதற்குள் புதிய சுரங்கள் பிறக்கும். 220 ஹெர்ட்ஸில் ஒரு சுத்தமான ஒலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அதோடு 440 ஹெர்ட்ஸும் லேசாகச் சேர்ந்துகொள்ளும். டேப்பில் முக்கியமாகச் சேர்வது அதன் மூன்று மடங்கான 660 ஹெர்ட்ஸ்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். 220 என்பது ஸட்ஜம் என்றால், 440 மேல் ஸட்ஜம். 660 அதற்கு மேலுள்ள பஞ்சமம். தம்புராவில் மீட்டுவதும் இந்த ஸட்ஜ பஞ்சமத்தைத்தான். அதன் குதிரைமேல், தந்திக்கு அடியில் ‘ஜீவா’ என்ற நூலை வைத்து நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வார்களே, அதுவும் தந்தியின் நாதத்தில் மேல் சுரங்களைக் கிளப்பிவிடத்தான். வழி வேறு, ஆனால், ஒற்றைச் சுரத்துக்குத் துணைச் சுரம் சேர்த்தால் அதற்கு உயிர் வருகிறது என்ற அறிவு நம்மிடம் நூலிழை வடிவில் முன்பே இருந்திருக்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியைக் கொடுக்க முடியாது. ஆனால், சாச்சுரேஷன் சேர்த்த பேஸில் 120, 180, 240 என்று மடங்குகள் இருக்கும். அவற்றைக் கேட்டதும், அடியில் இருக்கும் 60-ஐ மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. பெரிய ஸ்பீக்கரில் அதிரும் பாட்டு மொபைலில் சப்பென்று போகாமலிருக்க, ஒலிப்பொறியாளர்கள் கையாளும் வழிகளில் இதுவும் ஒன்று.

டேப் போய் மென்பொருள் வந்தது

அப்படியானால் டேப்பிலேயே பதிவு செய்யலாமே? செலவு தாங்காது. ஸ்டூடியோக்களில் ஓடும் 2 இன்ச் டேப், ஒரு சுருள் 2,500 அடி. விநாடிக்கு 30 இன்ச் வேகத்தில் ஓடவிட்டால் 17 நிமிடம்கூட வராது. 2005 தொடக்கத்தில் அமெரிக்காவின் அலபாமாவில் குவான்டெஜி டேப் தொழிற்சாலை கதவை மூடியபோது, ஸ்டூடியோக்கள் டேப் வாங்க அலைந்தன. இன்று ஓரிரு நிறுவனங்களே டேப் தயாரிக்கின்றன.

அந்த இடத்தை மென்பொருள் பிடித்துக்கொண்டது. யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் ‘ஸ்டூடர் ஏ800’ இயந்திரத்தின் குணத்தைக் கணினி நிரலாக்கியது. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் பதிவான ‘ஸ்டூடர் ஜே37’ இயந்திரத்தை வேவ்ஸ் நிறுவனம் மென்பொருளாக்கியது. டேப்பின் இரைச்சல், சக்கரம் சுற்றும்போது வரும் சின்ன ஆட்டம் ஆகியவற்றைக்கூட வேண்டிய அளவு கூட்டிக் குறைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் சாச்சுரேஷன் மென்பொருள்களும் உண்டு. பழகிப் பார்க்க அவையே போதும்.

காது ஏமாறும் இடம்

புதிதாகப் பழகுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சாச்சுரேஷன் குமிழைத் திருகினால் சத்தமும் கூடுகிறது. சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பதுபோலவே காதுக்குத் தோன்றும். எனவே, முன்பும் பின்பும் ஒரே அளவு சத்தம் இருக்கும்படி ‘அவுட்புட்’டைக் குறைத்துவிட்டு, மென்பொருளை அணைத்தும் போட்டும் ஒப்பிட வேண்டும். அப்போதும் நன்றாக இருந்தால்தான் அது உண்மையான மாற்றம்.

இன்னும் சில விஷயங்களும் கவனிக்க வேண்டியவை:

• குமிழைத் திருகி, வித்தியாசம் வெளிப்படையாகத் தெரியும் இடத்துக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குவது நல்ல பழக்கம். இருபது டிராக்கில் துளித்துளியாகச் சேர்த்தாலே மொத்தத்தில் நிறைய சேர்ந்துவிடும்.

• பேஸ், டிரம்ஸ், தனிக்குரல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஜால்ரா, சிம்பல் போன்றவற்றில் அதிகமானால் ஒலி மணல்போல நெறுநெறுக்கும். குரலில் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் உறுத்துகின்றனவா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

• மென்பொருளில் ‘ஓவர்சாம்ப்ளிங்’ என்ற வசதி இருந்தால் அதைப் போட்டுவிடலாம். புதிதாகப் பிறக்கும் மேல் சுரங்கள் டிஜிட்டலின் அதிர்வெண் எல்லையைத் தாண்டினால், சம்பந்தமில்லாத அபசுரங்களாகத் திரும்பி வரும். அதை இந்த வசதி பெருமளவு குறைக்கும்.

• ஃபேன் சத்தம், தெரு ஹாரன், அறையின் எதிரொலி ஆகியவற்றோடு பதிவான குரலுக்கு இது மருந்தல்ல. உரத்த பகுதியை அழுத்தி மொத்தத்தையும் தூக்கும்போது அந்தச் சத்தங்களும் சேர்ந்தே எழும். மைக்கை நல்ல இடத்தில் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவதற்கு ஈடான மென்பொருள் இன்னும் வரவில்லை.

பழைய பாட்டின் கதகதப்பு முழுவதும் டேப் தந்ததும் அல்ல. வயலின் குழுவும் தபேலாவும் புல்லாங்குழலும் ஒரே அரங்கில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்றாக வாசித்த காலம் அது. ஒருவர் வாசிப்பு பக்கத்து மைக்கிலும் கொஞ்சம் விழும். அந்த ஒட்டுறவை எந்தக் குமிழும் தராது. நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒரே அறையில் வாசித்துப் பதிந்தால், அதில் கொஞ்சமாவது கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. சாம்பாரில் உப்பு கரைந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது, சாச்சுரேஷனும் அப்படித்தான். ஃபைலில் கலந்து சேமித்துவிட்டால் திரும்ப நீக்க வழியில்லை. எனவே, எதுவும் சேர்க்காத சுத்தமான பதிவைத் தனி ஃபோல்டரில், தேதி போட்டு, இன்னொரு டிரைவிலும் பிரதி எடுத்து வைத்துவிடுவது நல்லது. பத்து வருடம் கழித்து ரசனை மாறலாம். அன்றைக்கு மறுபடி மிக்ஸ் செய்ய அந்தச் சுத்தமான குரல் கையில் இருக்க வேண்டும்.